எதிராளியும் யோசிக்கிறான் என்றால்: வானில் துரத்தலும் தப்பித்தலும்

2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதியது. அந்தச் சிறுகோளின் அகலம் ஏறக்குறைய 160 மீட்டர்தான். அசாத்தியமான கணக்கு அது, ஆனால் ஆட்டம் இல்லை. சிறுகோளுக்கு விண்கலம் வருவது தெரியாது, தெரிந்தாலும் விலகிப் போகாது. இப்போது சிறுகோள் இருந்த இடத்தில் ஒரு போர் விமானத்தையும், விண்கலத்தின் இடத்தில் ஓர் ஏவுகணையையும் வையுங்கள். விமானிக்கு ஏவுகணை வருவது தெரியும். ஏவுகணை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது விமானம் என்ன செய்யப் போகிறது என்பதைப் பொறுத்தது, விமானம் என்ன செய்யும் என்பதோ ஏவுகணை எந்தப் பக்கம் திரும்பும் என்று விமானி நினைப்பதைப் பொறுத்தது. ஒருவர் தலையில் இன்னொருவர் புகுந்து பார்க்கும் இந்தச் சுழலை அறுக்கத்தான் துரத்தல்–தப்பித்தல் ஆட்டங்கள் என்ற கணிதம் இருக்கிறது. எனக்கு இந்தத் துறை மிகவும் பிடிக்கும். சமன்பாடுகள் பயமுறுத்தினாலும் அடியில் இருக்கும் யோசனை சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது செய்வதுதான்.

முதலில் ஆட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். துரத்துபவர் ஒருவர், தப்புபவர் ஒருவர். இருவருக்கும் வேகம், திரும்பும் திறன், எரிபொருள் என்று ஏதாவது வரம்பு உண்டு. கடைசியில் இருவரும் சண்டை போடும் ஓர் எண் உண்டு: பிடிபட எவ்வளவு நேரம் ஆகிறது, அல்லது மிக நெருங்கிய கணத்தில் இடைவெளி எத்தனை மீட்டர். துரத்துபவருக்கு அது குறைய வேண்டும், தப்புபவருக்குக் கூட வேண்டும். ஒருவரின் லாபம் அப்படியே மற்றவரின் நஷ்டம் என்பதால் இதைக் கூட்டுத்தொகை சுழி ஆட்டம் என்பார்கள்.

இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு அடித்தளம் போட்டவர் ஜான் வான் நியூமன், 1928இல். ஆனால் அவர் ஆராய்ந்தவை சீட்டாட்டம் போல, ஒரு முடிவு, அப்புறம் அடுத்த முடிவு என்று தனித்தனி நகர்வுகளாகப் போகும் ஆட்டங்கள். வானத்தில் 'இப்போது என் முறை' என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு கணமும் இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தத் தொடர்ச்சியான ஆட்டத்துக்குக் கணிதம் எழுதியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது 1951இல் துரத்தல் ஆட்டங்கள் பற்றிய அறிக்கையை எழுதினார், 1965இல் அது முழுப் புத்தகமாக வந்தது. நகர்வுகளை, கணத்துக்குக் கணம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் வகையீட்டுச் சமன்பாடுகளால் எழுதுவதால் இவற்றுக்கு வகையீட்டு ஆட்டங்கள் என்று பெயர். சோவியத் பக்கத்தில் லெவ் போன்ட்ரியாகினும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வகைக் கேள்விகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சரி, மிக எளிய ஆட்டத்தை ஆடிப் பார்ப்போம். ஒரு சமதளத்தில் இரண்டு புள்ளிகள். துரத்துபவரின் வேகம் நொடிக்கு 300 மீட்டர், தப்புபவருக்கு 200. நடுவில் 6 கிலோமீட்டர் இடைவெளி. இருவரும் நினைத்த கணத்தில் எந்தத் திசைக்கும் திரும்பலாம் என்று வைத்துக்கொள்வோம். தப்புபவர் என்ன செய்யலாம்? துரத்துபவரை விட்டு நேராக விலகி ஓடினால் இடைவெளி நொடிக்கு 100 மீட்டர் குறையும், 60 நொடியில் பிடிபடுவார். பக்கவாட்டில் ஓடினால் ஏமாற்றலாமே என்று தோன்றலாம். ஆனால் பக்கவாட்டில் நேராக ஓடுபவரை, அவர் போய்ச் சேரும் இடத்தைக் கணித்துக் குறுக்கே வெட்டினால் சுமார் 27 நொடியில் பிடித்துவிடலாம். அப்படிக் கணிக்கத் தெரியாமல், எந்நேரமும் மூக்கை அவர் மேல் வைத்துக்கொண்டே ஓடும் மந்தமான துரத்துபவர்கூட 36 நொடியில் பிடித்துவிடுவார்.

இந்த எண்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். துரத்துபவர் 'எப்போதும் அவரை நோக்கியே ஓடுவேன்' என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டால், தப்புபவர் என்ன தந்திரம் செய்தாலும் இடைவெளி நொடிக்குக் குறைந்தது 100 மீட்டராவது சுருங்கும், ஆகவே 60 நொடிக்குள் பிடி நிச்சயம். மறுபக்கம், தப்புபவர் நேராக விலகி ஓடிக்கொண்டே இருந்தால், துரத்துபவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் 60 நொடிக்கு முன்னால் பிடிக்க முடியாது. ஒருவர் 'அதிகபட்சம் 60' என்று உறுதி சொல்கிறார், இன்னொருவர் 'குறைந்தபட்சம் 60' என்று உறுதி சொல்கிறார். இரண்டு உறுதிகளும் ஒரே எண்ணில் வந்து முட்டும் இடத்துக்குச் சேணப்புள்ளி என்று பெயர், குதிரைச் சேணம் ஒரு திசையில் பள்ளமாகவும் மறு திசையில் மேடாகவும் இருப்பது போல. அந்த 60தான் ஆட்டத்தின் மதிப்பு. எதிராளி என்ன செய்வார் என்று யாரும் யாருடைய மனதையும் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி மிகச் சிறப்பாக ஆடினாலும் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டதும் சுழல் அறுந்துவிட்டது. எதிராளி தவறு செய்தால் கிடைப்பது கூடுதல்: பக்கவாட்டில் ஓடியவருக்கு 60 நொடி 36ஆகவும் 27ஆகவும் சுருங்கியது போல.

புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் அங்கே பல நாள் நின்றிருக்கிறேன். ஆட்டத்தின் விடையை ஒரு பாதையாக நினைத்துவிடுவோம், வரைபடத்தில் ஒரு கோடு போட்டு 'இப்படித்தான் பறக்க வேண்டும்' என்பது போல. ஆனால் முன்கூட்டியே கோடு போட்டுவிட்டு அதன்படியே பறந்தால் எதிராளி அதைப் பார்த்து வேறு பக்கம் போய்விடுவார். இங்கே விடை என்பது ஒரு விதி: இந்தக் கணத்தில் நிலைமை இப்படி என்றால் இப்படித் திரும்பு, அப்படி என்றால் அப்படித் திரும்பு, என்று இருக்கக்கூடிய எல்லா நிலைமைகளுக்கும் பதில் வைத்திருக்கும் விதி. இருவரும் தங்கள் விதிப்படி ஆடும்போது உருவாகும் தடம்தான் பாதை. பாதை விளைவு, விதிதான் விடை.

அதே சமதளத்தில் இன்னொரு கேள்வி. தப்புபவர் எந்தெந்த இடங்களுக்குத் துரத்துபவருக்கு முன்னால் போய்ச் சேர முடியும்? அந்த இடங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு வட்டம் வரும், பழைய கிரேக்கக் கணிதர் அப்பொலோனியஸின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நம் எண்களுக்கு, வட்டம் தப்புபவரிடமிருந்து துரத்துபவர் இருக்கும் பக்கம் 2.4 கிலோமீட்டரிலும் மறுபக்கம் 12 கிலோமீட்டரிலும் முடியும். மறுபக்கம் உள்ள அந்தக் கடைக்கோடிக்கு ஓட அவருக்கு ஆகும் நேரம் சரியாக 60 நொடி. தப்புபவர் உண்மையில் தாக்க வருபவர், துரத்துபவர் காவலர் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்: காக்க வேண்டிய இடம் வட்டத்துக்கு வெளியே இருந்தால் காவலர் அதைக் காப்பாற்ற முடியும், உள்ளே இருந்தால் முடியாது. வெளியே இருக்கும்போது, வட்டத்தின் விளிம்பில் அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளியை நோக்கி இருவரும் ஓடுவதுதான் இருவருக்கும் சிறந்த ஆட்டம். முடியுமா முடியாதா என்று கேட்கும் ஆட்டங்களை ஐசக்ஸ் ஒரு வகையாகவும், எவ்வளவு என்று கேட்பவற்றை இன்னொரு வகையாகவும் பிரித்தார்.

ஆனால் நிஜ வானூர்திகள் நினைத்த கணத்தில் திரும்பாதே! சிக்கலும் சுவையும் இங்கேதான் தொடங்குகின்றன. திரும்பும் வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பக்கவாட்டு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். நொடிக்கு 250 மீட்டரில் பறக்கும் போர் விமானம் 9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 9 மடங்கு) முடுக்கத்தோடு திரும்பினால் அந்த ஆரம் சுமார் 700 மீட்டர், நொடிக்கு ஏறக்குறைய 20 பாகை திரும்பும். நொடிக்கு 1000 மீட்டரில் வரும் ஏவுகணை 30 ஜி தாங்கினாலும் அதற்கு 3.4 கிலோமீட்டர் ஆரம் வேண்டும், நொடிக்கு 17 பாகைதான் திரும்பும். மூன்று மடங்குக்கு மேல் இழுக்க முடிந்தும், மூக்கைத் திருப்புவதில் அது விமானத்தைவிட மந்தம். வேகம் ஒரு பக்கம், நெளிவு இன்னொரு பக்கம்.

இந்த மோதலைத்தான் ஐசக்ஸ் கொலைவெறி ஓட்டுநர் என்ற புதிராக எழுதினார். பெரிய மைதானத்தில் ஒரு கார், ஒரு பாதசாரி. கார் வேகமானது, ஆனால் குறிப்பிட்ட ஆரத்துக்குள் திரும்ப முடியாது. பாதசாரி மெதுவானவர், ஆனால் சட்டென்று எந்தப் பக்கமும் திரும்புவார். கார் அவரை எப்போதும் பிடித்துவிட முடியுமா? பதில் இரண்டே விகிதங்களைப் பொறுத்தது: பாதசாரியின் வேகத்துக்கும் காரின் வேகத்துக்கும் உள்ள விகிதம், காரின் பிடிக்கும் எட்டத்துக்கும் (எவ்வளவு அருகில் வந்தால் பிடிபட்டதாகக் கணக்கோ அந்தத் தூரம்) அதன் திரும்பும் ஆரத்துக்கும் உள்ள விகிதம். பாதசாரி காரின் பாதி வேகத்தில் ஓடுகிறார், காரின் ஆரம் 10 மீட்டர் என்றால், பிடிக்கும் எட்டம் சுமார் 1.3 மீட்டருக்கு மேல் இருந்தால் அவர் எங்கே நின்றாலும் ஒருநாள் மாட்டுவார். அதற்குக் கீழே இருந்தால், கார் நெருங்கி வரும்வரை காத்திருந்து கடைசிக் கணத்தில் பக்கவாட்டில் விலகி, அது சுற்றித் திரும்பி வரும்போது மறுபடியும் அதையே செய்து, காலம் முழுக்கத் தப்பிக்கொண்டே இருக்கலாம்.

இதில் எனக்கு இன்னும் வியப்பு தீராத ஒரு விஷயம் உண்டு. பாதசாரி காருக்கு மிக அருகில், ஆனால் அதன் திரும்பும் வட்டத்துக்குள் பக்கவாட்டில் நிற்கிறார் என்று வையுங்கள். கார் அவரை நோக்கி முறுக்கிக்கொண்டு திரும்பினால் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். சரியான ஆட்டம், முதலில் அவரை விட்டு விலகிப் போய், தேவையான தூரத்தை எடுத்துக்கொண்டு, அப்புறம் திரும்பி வருவது. பிடிப்பதற்காக விலகிப் போவது என்பது உள்ளுணர்வுக்கு எதிரானது, ஆனால் சமன்பாட்டைத் தீர்த்தால் அதுதான் வந்து நிற்கிறது. நான்கு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்தப் புதிருக்கு முழுத் தீர்வு 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ஆன்டனி மெர்ஸ் செய்த முனைவர் பட்ட ஆய்வில்தான் வந்தது.

இனி ஏவுகணைக்கு வருவோம். மாலுமிகளுக்கு ஒரு பழைய பாடம் உண்டு: எதிரே வரும் கப்பல் உங்களுக்கு எப்போதும் ஒரே திசைக் கோணத்தில் தெரிந்துகொண்டு, பெரிதாகிக்கொண்டே வந்தால், மோதல் நிச்சயம். மாலுமி அதைத் தவிர்க்கப் பார்ப்பார், ஏவுகணை அதை உண்டாக்கப் பார்க்கும். ஏவுகணையிலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டைப் பார்வைக்கோடு என்று சொன்னால், அந்தக் கோடு சுழலத் தொடங்கினால் நாம் தவறவிடப் போகிறோம் என்று பொருள். எனவே கோடு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அந்த விகிதத்தில் பக்கவாட்டில் முடுக்கு. நெருங்கும் வேகத்தைக் கோட்டின் சுழற்சி வேகத்தால் பெருக்கி, அதை இன்னொரு பெருக்கெண்ணால் பெருக்கினால் எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். பெருக்கெண் வழக்கமாக 3 முதல் 5. விகித வழிநடத்தல் எனப்படும் இந்த விதியை 1950 டிசம்பரிலேயே அமெரிக்கக் கடற்படையின் லார்க் ஏவுகணையில் சோதித்துவிட்டார்கள், அதாவது ஐசக்ஸின் முதல் அறிக்கைக்கும் முன்பே. 1965இல் ஹோ, பிரைசன், பேரன் என்ற மூவர், பொறியாளர்கள் கைவாக்கில் கண்டுபிடித்த அந்த விதி ஒரு துரத்தல் ஆட்டத்தின் சிறந்த உத்தியாகவே வெளிப்படுகிறது என்று காட்டினார்கள். இலக்கு நெளியாமல் போனால் பெருக்கெண் சரியாக 3 வருகிறது.

இலக்கு நெளிந்தால்? விமானம் ஒரே பக்கம் இடைவிடாமல் திரும்பிக்கொண்டிருந்தால், பெருக்கெண் 3 உள்ள ஏவுகணையிடம் கேட்கப்படும் முடுக்கம் பூஜ்யத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போய், கடைசியில் விமானத்தின் முடுக்கத்தைப் போல 3 மடங்கைத் தொடும். விமானம் 9 ஜி என்றால் ஏவுகணைக்கு 27 ஜி வேண்டும். மேலே பார்த்த 30 ஜி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பெருக்கெண்ணை 4 ஆக்கினால் 2 மடங்கு போதும், ஆனால் உணரியில் வரும் இரைச்சலும், அதாவது அளவீட்டுப் பிழைகளும், சேர்ந்து பெருகும், அதனால் இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது.

விமானியின் ஆயுதம் நேரம். ஏவுகணை கட்டளை வந்த கணத்திலேயே திரும்பிவிடாது, உணரி, கணினி, துடுப்பு, உடல் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். மிக முன்னதாகத் திரும்பினால் ஏவுகணைக்குச் சரிசெய்ய அவகாசம் கிடைத்துவிடும். மிகத் தாமதமாகத் திரும்பினால் விமானமே தன் இடத்திலிருந்து போதிய தூரம் விலகியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாமதத்தை ஒட்டி ஒரு நல்ல கணம் உண்டு, அந்தக் கணத்தில் முழு பலத்தோடு ஒரு பக்கம் வெட்டுவதுதான் கணிதம் சொல்லும் தப்பித்தல், அரை மனதாக நெளிவது இல்லை. ஆனால் ஏவுகணை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விமானிக்குத் துல்லியமாகத் தெரியாதபோது அந்தக் கணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது ஒழுங்கே இல்லாத இடைவெளிகளில் இடமும் வலமும் மாற்றி மாற்றி நெளிவது நல்ல உத்தியாகிறது. தனக்கே தெரியாத ஒன்றை எதிராளி ஊகிக்க முடியாது. பகடை உருட்டி முடிவெடுப்பது பலவீனம் என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஆட்டக் கோட்பாட்டில் சில நேரம் அதுதான் ஆகச் சிறந்த பதில்.

மூன்றாவதாக ஒருவரையும் சேர்க்கலாம். தப்பும் விமானம் தன்னைத் துரத்தும் ஏவுகணையை அடிக்க ஒரு சிறு காவல் ஏவுகணையை விடுகிறது என்றால், விமானம் வெறுமனே தப்பி ஓடாமல், எதிரி ஏவுகணையைக் காவலனுக்கு வசதியான பக்கம் இழுத்துக்கொண்டு வருவதுதான் நல்லது.

விண்வெளிக்குப் போனால் இதுவரை பழகிய உள்ளுணர்வு முழுக்கத் தலைகீழாகும். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் இருந்த ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை மேலே கொண்டுவந்த டைட்டன் ராக்கெட்டின் காலியான அடுக்குக்குப் பக்கத்தில் போகப் பார்த்தார். அதை நோக்கி உந்தினார், நெருங்கவில்லை. எரிபொருள் வேகமாகக் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். காரணம் சுற்றுப்பாதையின் இயற்பியல்: முன்னோக்கி உந்தினால் பாதை உயரும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும், ஆகவே பின்தங்கிப் போவீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு வெறும் 1 மீட்டர் வேகத்தைக் கூட்டினால் ஒரே சுற்றில், அதாவது சுமார் 92 நிமிடத்தில், 16 கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் போய்விடுவீர்கள். முன்னால் போகும் செயற்கைக்கோளைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும், விலகிப் போய்த் திரும்பி வரும் அந்தக் கார் மாதிரியே. இங்கே ஆட்டம் நிமிடங்களுக்குப் பதில் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடக்கும், சண்டை பெரும்பாலும் எரிபொருளைப் பற்றியது: எதிராளியைத் தன்னைவிட அதிகம் செலவழிக்க வைத்தால் பாதி வெற்றி.

இவ்வளவு தெளிவான கணிதம் இருந்தும் ஏன் எல்லாவற்றையும் கணினியில் தீர்த்துவிட முடியவில்லை என்று கேட்கலாம். ஆட்டத்தின் நிலைமையைச் சொல்ல 6 எண்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றையும் 100 துண்டாகப் பிரித்துக் கட்டம் போட்டோம் என்றால் 1 லட்சம் கோடி கட்டங்கள் வரும். இன்னும் ஓர் எண்ணைச் சேர்த்தால் அதுபோல 100 மடங்கு. அதனால்தான் இப்போது விதியைத் தீர்ப்பதற்குப் பதில், தனக்குத் தானே லட்சக்கணக்கான தடவை ஆடி விதியைக் கற்றுக்கொள்ளும் நிரல்கள் வந்திருக்கின்றன. 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய கணினி உருவகப் போட்டியில் அப்படிப்பட்ட ஒரு நிரல் அனுபவமிக்க எஃப்-16 விமானியை 5–0 என்று தோற்கடித்தது. ஆனால் கற்றுக்கொண்ட நிரலிடம் 'எதிராளி என்ன செய்தாலும்' என்ற அந்த உறுதி கிடையாது, பழகாத ஒன்றைப் பார்த்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் பார்வையில் இதுதான் இன்றைக்கு இந்தத் துறையின் மிக முக்கியமான இடைவெளி.

அந்த உறுதி போரில் மட்டும் தேவைப்படுவதில்லை. இரண்டு பயணிகள் விமானங்களோ ட்ரோன்களோ மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், எதிரே வருவது மிக மோசமாகத் திரும்பினாலும் நான் தப்ப முடிகிற இடம் எது, முடியாத இடம் எது என்று எல்லை வரைய வேண்டும். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் மற்ற விமானத்தைத் துரத்துபவராகவே வைத்துக் கணக்குப் போட்டால், அந்த எல்லைக்கு வெளியே இருக்கும்வரை ஆபத்தில்லை என்று நிரூபித்தே சொல்லலாம். துரத்துவதற்காக எழுதிய கணிதத்தின் இந்தப் பயன்தான் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது.

படித்ததோடு விட்டுவிடாமல் நீங்களே ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள், நூறு வரிகூட ஆகாது. சமதளத்தில் இரண்டு புள்ளிகள், ஒவ்வொரு நூறில் ஒரு நொடிக்கும் இடத்தையும் திசையையும் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்று இடைவிடாமல் ஒரே பக்கம் திரும்பட்டும், இன்னொன்று விகித வழிநடத்தலில் துரத்தட்டும். பெருக்கெண்ணை 4 வைத்து ஓட்டுங்கள், அப்புறம் 3, அப்புறம் 2. துரத்துபவரிடம் கேட்கப்படும் முடுக்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், 4இல் வளைந்து படியப் பார்க்கும் கோடு, 3இல் ஏறக்குறைய நேராக ஏறி, 2இல் கடைசி நொடியில் நிமிர்ந்து தாளைவிட்டு வெளியே போய்விடும்.